தேகுப் பல்லியின் ஓராண்டு ஹார்மோன் மாற்றங்களை அளப்பது எப்படி

குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கிக் கிடக்கும் ஒரு பல்லியின் இரத்தத்தில் பருவத்துக்குப் பருவம் என்ன மாறுகிறது என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவர், ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த விலங்கின் ஆண்டை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தென் அமெரிக்காவின் கருப்பு வெள்ளைத் தேகு இதற்கு மிகவும் ஏற்ற விலங்கு. பார்வைக்கு நம் ஊர் உடும்பை நினைவூட்டும். பிளந்த நாக்கை நீட்டும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஆயினும் உடும்புக் குடும்பத்துக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் உள்ள ரியோ கிளாரோ நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் திறந்தவெளி அடைப்புகளில் வளர்க்கப்பட்ட தேகுகளிடமிருந்தே இதன் உடலியங்கியலைப் பற்றி நாம் நிறையத் தெரிந்துகொண்டோம்.

அங்கே ஏப்ரல், மே மாதங்களில் தேகு உணவை விட்டு வளைக்குள் செல்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெளிவருகிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இனப்பெருக்கக் காலம். அதன் பிறகு அடுத்த குளிருக்குள் கொழுப்பைச் சேர்ப்பதே அதன் வேலை. ஃபுளோரிடாவில் ஊடுருவிப் பெருகியுள்ள தேகுகளிடம் இதே வேலையைச் செய்வோர், அது வட அரைக்கோளம் என்பதால், இந்த அட்டவணையை ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும். எனவே மாதப் பெயரைக் கொண்டு மாதிரி எடுக்காமல், உறக்கத்துக்கு முந்தைய வாரங்கள், உறக்கத்தின் நடுப்பகுதி, வெளிவந்த முதல் வாரம், இணை சேரும் காலம், முட்டையிட்ட பின், கோடை இறுதி என்று விலங்கின் நிலைகளைக் கொண்டு திட்டமிடுவதே சரி. ஒவ்வொரு விலங்கும் எந்த நாளில் வெளிவந்தது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது. பிரேசிலில் காட்டு விலங்குகளைப் பிடிக்க, அந்நாட்டு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சிக்கோ மென்டிஸ் நிறுவனத்தின் அனுமதியும், ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை.

இரத்தம் எடுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெடுகின்றன. ஊர்வனவற்றில் முதன்மையான அழுத்த ஹார்மோன் கார்டிகோஸ்டீரோன். விலங்கைப் பிடித்த சில நிமிடங்களிலேயே அது இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே வளையின் மூடியைத் திறந்த கணத்தில் நிறுத்துகடிகாரத்தை ஓடவிட்டு, 3 நிமிடங்களுக்குள் இரத்தம் எடுத்து முடிக்க வேண்டும். எடுத்த நேரத்தை வினாடி வரை எழுத வேண்டும். ஒருவர் விலங்கைப் பிடிக்க, மற்றொருவர் வாலின் அடிப்பக்க நடுக்கோட்டில் ஊசியைச் செலுத்தி முள்ளெலும்புக்கு அடியில் ஓடும் சிரையிலிருந்து எடுப்பது வழக்கம். ஆண் விலங்கில் கழிவுத்துளையை ஒட்டிக் குத்தினால் வாலுக்குள் மடங்கியிருக்கும் இணைவுறுப்புகள் காயப்படும் என்பதால் நன்றாகப் பின்னால் தள்ளிக் குத்துங்கள். ஊசிக்குழலில் முதலில் நிறமற்ற நீர் வந்தால் அது நிணநீர். அது கலந்த மாதிரியில் எல்லா ஹார்மோன்களும் குறைவாகத் தெரியும் என்பதால், தயங்காமல் அதைக் கொட்டிவிடுங்கள். உடல் எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது பொது வரம்பு. 3 கிலோ தேகுவிடமிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்தால் அந்த வரம்பின் அருகில்கூடப் போகமாட்டோம். அதற்கு மேல் பெரும்பாலும் தேவையும் இல்லை.

உறங்கும் விலங்கை ஒரு குளிர்காலத்தில் ஒருமுறைக்கு மேல் எழுப்பாதீர்கள். எழுப்புவதே அதன் சேமிப்பைக் கரைக்கும். அடுத்த அளவீட்டையும் கெடுக்கும்.

இரத்தம் எடுத்த கையோடு உடல் வெப்பத்தையும் வளையின் வெப்பத்தையும் அளந்துவிட வேண்டும். இந்த விலங்கில் அது வெறும் சடங்கு கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் தேகு, விடியற்காலையில், தன் வளையைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலான உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கித் தக்கவைக்கிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. உறக்கத்தின்போதோ அதன் உடல் வளையின் வெப்பத்தையே பின்தொடர்கிறது. குளிர்ந்த உடலில் ஹார்மோன் சுரப்பது மட்டுமல்லாமல் அதைக் கல்லீரல் அகற்றும் வேகமும் குறையும். இரத்தத்தில் காணும் அளவு இவ்விரண்டின் விளைவு என்பதால், வெப்பக் குறிப்பு இல்லாமல், தைராய்டு ஹார்மோனான தைராக்சினின் அளவைப் பொருள்கொள்ளவே முடியாது என்பது என் கருத்து.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் தடவிய குழாயில் இரத்தத்தை இட்டுப் பனிக்கட்டியில் வைத்து, அன்றே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, சிறு குழாய்களில் பங்கிட்டு, முடிந்தால் கழித்தல் 80 டிகிரியில் உறையவையுங்கள். பங்கிடுவதன் காரணம் எளிது: ஒவ்வொரு ஹார்மோனுக்காகவும் ஒரே குழாயை உருக்கி மீண்டும் உறையவைத்தால் மாதிரி பாழாகும்.

ஹார்மோனின் அளவை நிற மாற்றத்தால் காட்டும் எலைசா சோதனைக் கிட்டுகள் பெரும்பாலும் மனித இரத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. பல்லியின் பிளாஸ்மாவில் அவை வேலை செய்கின்றன என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. மாதிரியைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கிடைக்கும் வளைவு கிட்டின் தர வளைவுக்கு (அளவு தெரிந்த ஹார்மோன் கரைசல்களைக் கொண்டு வரையப்படுவது) இணையாகச் செல்கிறதா என்று பாருங்கள். தெரிந்த அளவு ஹார்மோனைச் சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடியோல் போன்ற ஸ்டீராய்டுகளை முதலில் ஈதர் போன்ற கரைப்பானில் பிரித்தெடுத்தால், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் பிணைப்புப் புரதங்களின் தொல்லை குறையும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குளிர்கால மாதிரிகளைக் கிட்டின் குழிகள் கொண்ட ஒரு தட்டிலும் வசந்த கால மாதிரிகளை வேறொரு தட்டிலும் ஓட்டினால், தட்டுகளுக்கிடையேயான வேறுபாடு பருவ வேறுபாடாக வேடமிடும். ஒரு விலங்கின் எல்லாப் பருவ மாதிரிகளும் ஒரே தட்டில், இரட்டைக் குழிகளில், வரிசை கலைத்து வைக்கப்பட வேண்டும்.

முடிவைப் படிக்கும்போது அவசரம் வேண்டாம். ஆணில் டெஸ்டோஸ்டிரோன் உறக்கத்தில் தாழ்ந்து இனப்பெருக்கக் காலத்தில் உயரும் என்பது இயல்பான எதிர்பார்ப்புதான். ஆனால் குளிர்கால உறக்கம் கொள்ளும் எல்லா ஊர்வனவும் அப்படி நடப்பதில்லை. கனடாவின் மனிடோபாவில் வாழும் கார்ட்டர் பாம்பின் ஆண்கள், முந்தைய கோடையில் உருவான விந்தணுக்களைச் சேமித்து வைத்து, விதைகள் சுருங்கிக் கிடக்கும் வசந்த காலத்தில் இணை சேர்கின்றன. விதை நீக்கப்பட்ட ஆண்கள்கூட உறக்கம் கலைந்ததும் பெண்ணை நாடுகின்றன. ஆகவே நடத்தையை வைத்து ஹார்மோனை ஊகிக்கவும் கூடாது, ஹார்மோனை வைத்து நடத்தையை ஊகிக்கவும் கூடாது.

பெண்ணில் எஸ்ட்ராடியோல் உயர்ந்தால், கல்லீரல் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடும்; அதனோடு பிளாஸ்மாவின் மொத்தக் கால்சியமும் ஏறும். செலவு குறைந்த கால்சியம் சோதனையை உடன் செய்தால், எந்தப் பெண் இவ்வாண்டு முட்டைக்குத் தயாராகிறது என்பது தெரியும். தயாராகாத பெண்ணின் அளவுகளை மற்றவற்றோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் பிழையும் நேராது. இனப்பெருக்கக் காலத்தில் கார்டிகோஸ்டீரோன் உயர்ந்திருந்தால், விலங்கு துன்பத்தில் இருக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். சேமித்த ஆற்றலை வெளிக்கொணர்வதும் அந்த ஹார்மோனின் வேலையே.

கடைசியாக வரைபடம். கிடை அச்சில் மாதங்களுக்குப் பதிலாக, அந்தந்த விலங்கு வளையை விட்டு வெளிவந்த நாளைச் சுழியமாகக் கொண்டு, முன்னும் பின்னுமான நாட்களைக் குறியுங்கள். ஒவ்வொரு விலங்கையும் தனிக் கோடாக வரையுங்கள். சராசரிக் கோட்டை அவற்றின் மேல் போடுவதற்கு முன் ஒருநாளாவது அந்தத் தனிக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.