கரிச்சானையும் திருக்கையையும் ஒப்பிடுவது எப்படி?

காக்கையையும் அண்டங்காக்கையையும் யாரும் ஒப்பிட்டுவிடலாம். தூரத்து உறவுகளை ஒப்பிடும்போதுதான் கை தடுமாறும். பழகிப் பார்க்க, அதிகாலையில் பாடும் குண்டுக்கரிச்சானையும் பவளப்பாறைப் பக்கம் திரியும் நீலப்புள்ளித் திருக்கையையும் எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அறிவியல் பெயர்

வெறும் "திருக்கை" என்று எழுதினால் போதாது. திருக்கையில் எத்தனையோ வகை உண்டு. கரிச்சான்: கோப்சைகஸ் சவுலாரிஸ், 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்தது. திருக்கை: டேனியூரா லிம்மா. செங்கடலில் இதைப் பார்த்து எழுதிய இயற்கையியலாளர் ஃபோர்ஸ்கால் இறந்த பிறகு, 1775இல்தான் அவருடைய குறிப்பு அச்சில் வந்தது.

படி 2: அளவு

பறவையை அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பார்கள்: சுமார் 19 செ.மீ. திருக்கையின் வால் அறுந்துபோகக் கூடியது என்பதால் உடல் தட்டின் அகலத்தையே எடுப்பார்கள்: சுமார் 35 செ.மீ. ஒன்று நீளம், மற்றது அகலம். பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு "இது பெரியது" என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 3: உறுப்புகள்

சரி, வால். கரிச்சான் வாலைத் தூக்கிக் காட்டும். திருக்கையின் வாலில் நஞ்சுள்ள முள். மூச்சு: கரிச்சானுக்கு நுரையீரல், திருக்கைக்குச் செவுள். மணலில் படுத்திருக்கும்போது வாய் கீழே இருப்பதால், கண்ணுக்குப் பின்னாலுள்ள துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

படி 4: குஞ்சு

கரிச்சான் பொந்தில் நாலைந்து முட்டையிடும். திருக்கையோ முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்து, கருப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவத்தை ஊட்டி வளர்த்து, குட்டியாக ஈனும். ஒரு ஈற்றில் ஏழு வரை.

படி 5: உறவு

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மூன்றாவதாக வஞ்சிர மீனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வஞ்சிரமும் திருக்கையும் மீன், கரிச்சான் வேறு என்று எழுதத் தோன்றும். எலும்பைப் பாருங்கள். திருக்கைக்கு முழுக்கக் குருத்தெலும்பு. வஞ்சிரத்துக்கும் கரிச்சானுக்கும் நிஜ எலும்பு. திருக்கையின் கிளை 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. வஞ்சிரமும் கரிச்சானும் அதற்குப் பிறகுதான் தனித்தனியாகப் போயின. ஆக, வஞ்சிரத்துக்குத் திருக்கையைவிடக் கரிச்சான்தான் கிட்டத்துச் சொந்தம்!

நோட்டில் "மீன்" என்று ஒரே கட்டம் போட்டு வஞ்சிரத்தையும் திருக்கையையும் அதில் அடைத்திருந்தால், இப்போது அடித்துவிடுங்கள்.