பாலைவனக் கவுண்டியில் ஒரு சம்மன்: பிராசஸ் சர்வரைப் பிடிப்பது எப்படி?

நம் ஊரில் பேட்டா கட்டிவிட்டால் கோர்ட் அமீனா சம்மனை எடுத்துக்கொண்டு போவார். ஆள் அகப்படாவிட்டால் உத்தரவு வாங்கிக் கதவில் ஒட்டிவிட்டு வருவார். அந்த நினைப்பிலேயே டெக்சாஸில் வழக்குப் போட்டேன். மனு ஏற்கப்பட்டதும் கிளார்க்கைக் கூப்பிட்டு, "எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "அதை நீங்கள்தான் ஏற்பாடு செய்யவேண்டும்" என்றார்.

வழக்கு சின்னதுதான். மேற்கு டெக்சாஸின் பாலைவனத்தில், பிக் பெண்ட் பக்கம் டெர்லிங்குவா என்ற ஊரில் வாங்கிப்போட்ட நிலத்தில் ஒரு மரக்குடில் கட்டித்தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியவர், பிறகு போனையே எடுக்கவில்லை. தொகை 20,000 டாலருக்குள் என்பதால் சின்னத் தொகை வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போட்டேன். நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. டெர்லிங்குவா இருக்கும் ப்ரூஸ்டர் கவுண்டிதான் டெக்சாஸின் 254 கவுண்டிகளில் பெரியது. சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 9,546 பேர். கோர்ட் இருக்கும் தலைநகர் ஆல்பைனிலிருந்து டெர்லிங்குவா 80 மைல். இந்த தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: யார் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சாஸில் வழக்கின் சம்மனை, அங்கே சொல்வது போல சைட்டேஷனை, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் கொடுக்கலாம், கான்ஸ்டபிள் (நம் ஊர்ப் போலீஸ்காரர் அல்ல, கோர்ட் காகிதங்களும் கொடுக்கும் கவுண்டி அதிகாரி) கொடுக்கலாம், மாநிலச் சான்றிதழ் பெற்ற பிராசஸ் சர்வர், அதாவது காசு வாங்கிக்கொண்டு கோர்ட் காகிதத்தைக் கொண்டுசேர்க்கும் தனியார் ஆள், கொடுக்கலாம். கோர்ட் தனியாக எழுத்தில் அனுமதித்தால் 18 வயது நிரம்பிய வேறொருவரும் கொடுக்கலாம். வழக்குப் போட்டவரோ, வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவரோ கொடுக்கவே கூடாது. "மச்சான், நீ அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துட்டு வந்துடு" என்பதெல்லாம் இங்கே செல்லாது. வாடகைக்காரரைக் காலி செய்யும் வழக்கு என்றால், கோர்ட் உத்தரவு இல்லாமல் தனியார் சர்வரும் கொடுக்க முடியாது; பொதுவாக ஷெரீஃபோ கான்ஸ்டபிளோதான்.

சரி, தனியார் ஆள் அவசியமா? எதிராளி ஊரறிந்தவர், ஒளிந்து திரிபவர் இல்லை என்றால் ஷெரீஃப் அலுவலகமே போதும் என்பது என் கருத்து. அங்கே டெபுட்டிகளுக்கு, அதாவது ஷெரீஃபின் கீழ் வேலை செய்பவர்களுக்கு, பாதிப் பேரை முகம் பார்த்தே தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய பரப்புக்கு ஆட்கள் கொஞ்சம். அவசர அழைப்பு வந்தால் உங்கள் காகிதம் பின்னுக்குப் போய்விடும். ஆள் நழுவுகிறார், சாயங்காலமும் சனிக்கிழமையும் பலமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்றால் காசு கொடுத்துத் தனியாரைப் பிடிப்பதுதான் வழி. (ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடாது. ஜப்தி போன்ற சில விஷயங்களைத் தவிர, அன்று கொடுத்தது செல்லாது.)

படி 2: முகவரியை நீங்களே தோண்டி எடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். என்னிடம் இருந்தது தபால் பெட்டி எண் மட்டும். இணையத்தில் பார்த்த ஒரு பெருநகர நிறுவனத்துக்கு அதைக் கொடுத்துப் பணமும் கட்டினேன். அவர்கள் வேலையை யாரோ ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள். அவர் ஏதோ ஒரு பூட்டிய கேட் வரை போய்த் திரும்பிவந்து "முயற்சி பலிக்கவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார். பணம் திரும்ப வரவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நான் கொடுத்த தகவல் அந்த லட்சணம்.

டெர்லிங்குவா பக்கம் பலர் மின்கம்பி இல்லாமல், சோலார் வைத்து, மண் பாதைக்குள் வாழ்கிறார்கள். கடிதமெல்லாம் தபால் பெட்டிக்குத்தான். பெட்டியின் கையில் சம்மனைக் கொடுக்க முடியுமா? அதனால் முதலில், சொத்துவரிக்காக மதிப்புப் போடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் எதிராளி பெயரைத் தேடுங்கள். சொத்துவரிக் கணக்கு பொதுப் பதிவு. யார் பெயரில் எந்த மனை என்று வரைபடத்தோடு கிடைக்கும். அடுத்து, அந்த இடத்துக்கு 911 முகவரி இருக்கிறதா பாருங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்காகக் கவுண்டி கொடுக்கும் எண் அது. நிஜமான இடத்தைக் காட்டும். தபால் பெட்டியை வைத்திருப்பவரின் முகவரியையும் கேட்டுப் பெற வழி இருக்கிறது. வழக்கின் காகிதம் கொடுப்பதற்காக என்று எழுத்தில் கேட்டால், சர்வருக்கோ வக்கீலுக்கோ, சொந்தமாக வாதாடும் உங்களுக்கோ தபால் நிலையம் அதைத் தரும்.

அப்புறம் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: அட்சரேகை தீர்க்கரேகை, எந்தத் திருப்பத்தில் திரும்பவேண்டும், கேட் பூட்டியிருக்குமா, நாய் உண்டா, வண்டியின் நிறம், நம்பர், ஆளின் அண்மைக்காலப் புகைப்படம், எந்த நேரத்தில் வெளியே வருவார். போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. கூகுள் மேப் லிங்க் அனுப்பிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அச்சடித்த வரைபடமாகவும் கொடுங்கள்.

படி 3: ஆளைத் தேடுங்கள்

சான்றிதழ் கொடுப்பது ஜேபிசிசி என்ற மாநில ஆணையம். அதன் தளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால், சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, எப்போது காலாவதி என்று தெரியும். காலாவதியான ஆள் கொடுத்தால் உங்கள் வேலை அத்தனையும் வீண். ஆல்பைனில் யாரும் சரிப்படவில்லை என்றால் ஃபோர்ட் ஸ்டாக்டன், ஒடெசா, மிட்லண்ட் பக்கம் தேடவேண்டும்.

எனக்குக் கைகொடுத்த தந்திரம் ஒன்று. அதே கோர்ட்டின் பழைய வழக்குகளில் சம்மன் சேர்ப்பித்த அறிக்கைகளைப் பார்க்கக் கேளுங்கள். எந்தச் சர்வரின் கையெழுத்து அடிக்கடி வருகிறதோ, அவருக்குத்தான் அந்த ஊர் மண் பாதைகள் அத்துப்படி.

படி 4: போனில் கேட்கவேண்டியவை

"நீங்களே போவீர்களா, வேறு யாரிடமாவது கொடுப்பீர்களா?" இதுதான் முதல் கேள்வி. அடுத்தது காசு. கட்டணத்தில் எத்தனை முயற்சி அடக்கம், மைலுக்கு எவ்வளவு, அது போவதற்கு மட்டுமா வருவதற்கும் சேர்த்தா? ஆல்பைனிலிருந்து டெர்லிங்குவா போய்வர 160 மைல். மைலுக்கு ஒரு டாலர் என்று வைத்தாலும் மூன்று முறை போனால் 480 டாலர் அதிலேயே காலி. ஒரே பயணத்தில் அந்தப் பக்கம் வேறு காகிதங்களும் கொடுக்கவேண்டியிருந்தால் குறைத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். என் ஆள் குறைத்தார்.

வண்டி எப்படிப்பட்டது என்றும் கேட்கலாம், தப்பில்லை. கோடை மழையில் ஓடைகள் பாதையை அறுத்துவிடும். சாதாரண கார் போகாது. நவம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டிய நாட்களையும் தவிர்க்கலாம். சில்லி என்ற இறைச்சிக் குழம்பின் சமையல் போட்டிக்காக ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து டெர்லிங்குவா நிறைந்துவிடும்.

படி 5: காகிதம் சரியா?

கோர்ட் முத்திரையோடு கிளார்க் வழங்கிய சைட்டேஷனும் மனுவின் நகலும் சேர்ந்து போகவேண்டும். மனுவை மட்டும் அனுப்பினால் அது வெறும் கடிதம். எதிராளியின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

படி 6: கையில் கொடுக்கவேண்டும்

நேரில் கொடுப்பது என்றால் எதிராளியின் கையில்தான். அமெரிக்க மத்திய நீதிமன்ற வழக்கில், அதே வீட்டில் வசிக்கும் விவரம் தெரிந்த வயதுள்ளவரிடம் விட்டுவந்தாலும் செல்லும். டெக்சாஸ் கோர்ட்டில் மனைவியிடமோ அண்ணனிடமோ விட்டுவர நீதிபதியின் உத்தரவு முதலில் வேண்டும். அதைக் கேட்பதற்கு, எந்தத் தேதி, எந்த நேரம், எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று சர்வர் சத்தியம் செய்து எழுதித்தரவேண்டும். அதனால் பலிக்காத முயற்சிக்கும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரமாக இருப்பது நல்லது. ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கு மேலே உள்ள டிஸ்ட்ரிக்ட், கவுண்டி கோர்ட்டுகளின் விதிகளில் 2020 இறுதியிலிருந்து, நீதிபதி ஒப்புக்கொண்டால் மின்னஞ்சல், சமூக ஊடகம் வழியாகவும் அனுப்பலாம்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. வீட்டில்தான் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. அந்தப் பக்கம் பலர் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துப் போவார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். இரண்டு முறை கேட்டில் நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் முறை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் காத்திருந்தார். எதிராளி குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு நின்றிருந்தபோது காகிதம் கைக்குப் போய்விட்டது.

படி 7: ரிட்டர்னைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்

கொடுத்ததற்குச் சாட்சியான அறிக்கைதான் ரிட்டர்ன். எதிராளி பதிலே போடாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கினாலும், ரிட்டர்னில் சிறு ஓட்டை இருந்தால் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்துவிடக்கூடும். வழக்கு எண், கோர்ட், என்னென்ன கொடுத்தார், காகிதம் சர்வர் கைக்கு வந்த தேதியும் நேரமும், யாரிடம், எங்கே, எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தார், அவருடைய சான்றிதழ் எண், அது காலாவதியாகும் தேதி, கையெழுத்து. ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். சர்வர் எல் பாசோவிலிருந்து வருபவர் என்றால் நேரத்தில் இன்னொரு சிக்கல்: அங்கே மவுண்டன் நேரம், ப்ரூஸ்டரில் சென்ட்ரல். ஒரு மணி நேர வித்தியாசம் அறிக்கையில் ஏறிவிடக் கூடாது.

டிஸ்ட்ரிக்ட், கவுண்டி கோர்ட்டில் ஒருதலைத் தீர்ப்புக்கு முன் ரிட்டர்ன் 10 நாளாவது கோப்பில் இருந்திருக்கவேண்டும். எதிராளி ராணுவப் பணியில் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு பிரமாணப் பத்திரமும் எந்தக் கோர்ட்டானாலும் வேண்டும். ஜஸ்டிஸ் கோர்ட்டில் பதில் போட 14 நாள் கெடு. சம்மன் கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் காகிதம் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. இரண்டு வாரம் தள்ளி வந்த வியாழக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். பதில் புதன்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது.