இடுப்பு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு

இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றதும் பலர் கதிர்வீச்சை நினைத்துக் கலங்குகிறார்கள். இதில் எக்ஸ் கதிர்களே கிடையாது. காந்தமும் ரேடியோ அலைகளும்தான் படத்தை உருவாக்குகின்றன. கவனம் வேண்டியது காந்தத்திடம். 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள அந்தக் காந்தம், படம் எடுக்காத நேரத்திலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். இடுப்பு வலியோடு வருபவர்கள் கைத்தடியோ வாக்கரோ ஊன்றி வருவார்கள். அதோடு அப்படியே உள்ளே நுழைந்துவிடக் கூடாது. துணைக்கு வருபவருக்கும் இது பொருந்தும். அந்த அறைக்குள் கொண்டுபோகக்கூடிய ஊன்றுகோலை அங்கேயே கேளுங்கள்.

ஸ்கேனுக்கு முன் தரப்படும் கேள்விப் படிவத்தை அவசரத்தில் 'இல்லை, இல்லை' என்று நிரப்பித் தருவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், இன்சுலின் பம்ப் ஆகியவற்றில் சில ரகங்கள் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை, சில ஆபத்தானவை. எது எந்த ரகம் என்பதை அறுவை சிகிச்சையின்போது கொடுத்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வெல்டிங், உலோகம் தேய்க்கும் வேலை செய்தவர்கள் என்றோ கண்ணில் தெறித்த துகளைக்கூடச் சொல்லிவிட வேண்டும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

மாற்று இடுப்பு மூட்டு பொருத்தியவர்கள் தங்களுக்கு இந்த ஸ்கேனே ஆகாது என்று ஒதுங்கிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் எடுக்கலாம். உலோகத்தைச் சுற்றிப் படம் கலைந்து தெரியும் என்பதால், முன்பதிவின்போதே சொன்னால் அதற்கேற்ற முறையில் எடுப்பார்கள்.

வலியை மறைத்துக்கொண்டு படுப்பதும் தவறு. பொதுவாக 30 முதல் 45 நிமிடம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். கால்விரல்கள் சற்று உட்பக்கம் திரும்பியிருக்கும்படி பாதங்களைச் சேர்த்து ஒட்டுவதும் உண்டு. வலிக்கும் இடுப்புக்கு இது எளிதல்ல. வலி தாங்காமல் சிறிது நகர்ந்தாலும் படம் மங்கும், அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்க நேரும். ஆகவே வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போங்கள். படுத்தபின் தொடையோடு தொடையோ கையோடு கையோ ஒட்டாமல் இருக்கட்டும். தோலும் தோலும் தொடும் இடத்தில் சூடு பட வாய்ப்புண்டு; இடையில் வைத்த துணியை நகர்த்தாதீர்கள். எங்காவது சுடுவதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் ஊழியரை அழைப்பதற்காகக் கையில் தந்த பந்தை உடனே அழுத்துங்கள்.

குறுகிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்கள் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். குழாய் இருபுறமும் திறந்தது, சத்தத்துக்குக் காதடைப்பானும் தருவார்கள். அப்படியும் முடியாதென்றால் அமைதிப்படுத்தும் மருந்து தரலாம். அன்று துணைக்கு ஒருவர் வேண்டும்.

எல்லோருக்கும் ஊசி மருந்து தேவைப்படாது. படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்துவதானால் சிறுநீரகக் கோளாறையும் கர்ப்பத்தையும் மறைக்கக் கூடாது. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையத்தில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சில சமயம் மூட்டுக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவார்கள். அதன்பின் ஓரிரு நாள் மூட்டு கனத்து வலிக்கலாம். அன்று நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பத் திட்டமிடாதீர்கள்.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதால் ஸ்கேனைத் தள்ளிப்போடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கீழே விழுந்த முதியவரின் எக்ஸ்ரேயில் புலப்படாத எலும்பு முறிவு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை பட்டுப்போகத் தொடங்குவதும் அப்படித்தான். அந்த நோய் இரண்டு பக்கமும் வரக்கூடும் என்பதால், வலிக்காத இடுப்பையும் சேர்த்துப் படமெடுத்தால் வீண்செலவு என்று மறுக்காதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் உள்ள 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்து அறுவை சிகிச்சைக்கு மனத்தைத் தயார்செய்துவிட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் லேப்ரம் கிழிசல் படத்தில் தெரிவதுண்டு. கீழ்முதுகுக் கோளாறும் இடுப்பு வலியாக உணரப்படலாம். வலி எங்கே, எந்த அசைவில் வருகிறது என்பதோடு பொருத்திப் பார்த்துத்தான் மருத்துவர் காரணத்தை முடிவு செய்வார். அவரைப் பார்க்கப் போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துச் செல்லுங்கள்.