கேபிளின் முனையில் அலை திரும்புவதைக் கண்ணால் பார்ப்போம்

இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் தடை) கணக்கில் கலப்பெண் (மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் கொண்ட எண்) எதற்கு? சூத்திரத்தைவிட ஒரு கேபிள் இதற்கு நன்றாகப் பதில் சொல்லும்.

வேண்டியவை: 10 மீட்டர் ஆர்.ஜி.58 கோஆக்சியல் கேபிள், 50 ஓம் வெளியீடுள்ள ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஆஸிலோஸ்கோப், டி கனெக்டர், 50 ஓம் ரெசிஸ்டர், 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர்.

படி 1. ஜெனரேட்டரின் வாயிலேயே டி கனெக்டரை மாட்டி, ஒரு பக்கம் ஸ்கோப்பை இணையுங்கள். ஸ்கோப் உள்ளீடு 1 மெகாஓமில் இருக்கட்டும். 50 ஓமில் விட்டுவிட்டால் கீழே சொல்லும் அளவுகள் வராது. 500 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை 0 முதல் 2 வோல்ட் வரை ஏறும்படி வையுங்கள்.

படி 2. மறுபக்கம் கேபிளை மாட்டி, அதன் கடைசி முனையைத் திறந்தே விடுங்கள். அலை 1 வோல்ட் வரைதான் ஏறும். சுமார் 100 நானோ செகண்ட் அங்கேயே நிற்கும். அப்புறம்தான் 2 வோல்ட்.

இந்தப் படிக்கட்டை நிதானமாகப் பாருங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. முனையில் என்ன இருக்கிறது என்று ஜெனரேட்டருக்கு இன்னும் தெரியாது. அதற்குத் தெரிவது கேபிளின் 50 ஓம் மட்டுமே. ஜெனரேட்டரின் வெளியீடும் 50 ஓம் என்பதால் வோல்டேஜ் பாதியாகப் பிரிகிறது. இந்தக் கேபிளில் அலைக்கு மீட்டருக்கு 5 நானோ செகண்ட் ஆகும். போக 50, வர 50.

படி 3. முனையை ஷார்ட் செய்தால், அதாவது கேபிளின் நடுக்கம்பியையும் வெளிவலையையும் நேராக இணைத்தால், 100 நானோ செகண்டுக்குப் பின் 0 வோல்ட். 50 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 1 வோல்ட்டிலேயே நிற்கும், எதுவும் திரும்பாது. அலையில் எவ்வளவு திரும்பும் என்பதற்குக் கணக்கு இதுதான்: சுமையின் (முனையில் மாட்டியிருப்பதன்) இம்பீடன்ஸிலிருந்து கேபிளின் இம்பீடன்ஸைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். திறந்த முனைக்கு 1, ஷார்ட்டுக்கு −1, 50 ஓமுக்கு 0.

படி 4. இப்போது முனையில் கெப்பாசிட்டர். வோல்டேஜ் முதலில் ஷார்ட் போலச் சரிந்து, பிறகு மெல்ல வளைந்து 2 வோல்ட்டுக்கு ஏறும். ஒரே பொருள் முதலில் ஷார்ட்டாகவும் பின்பு திறந்த முனையாகவும் நடந்துகொள்கிறது. இதை ஒரே ஒரு சாதாரண எண்ணால் எப்படிச் சொல்வது?

படி 5. சரி, 3.18 மெகாஹெர்ட்ஸ் சைன் அலைக்குக் கணக்கிடுவோம். அங்கே கெப்பாசிட்டரின் இம்பீடன்ஸ் மெய்ப்பகுதி 0, கற்பனைப்பகுதி −50 ஓம். அதே கணக்கில் போட்டால் அளவு 1, கோணம் −90 பாகை. அதாவது அலை முழுவதுமே திரும்புகிறது, ஆனால் கால் சுற்று பின்தங்கித் திரும்புகிறது. எவ்வளவு என்பதை அளவும், எவ்வளவு பின்தங்கி என்பதைக் கோணமும் சொல்கின்றன.

கெப்பாசிட்டரோடு 50 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அளவு 0.447, கோணம் −63.4 பாகை வர வேண்டும். அப்போது திறனில் 20 சதவீதம்தான் திரும்பும்.