பிரீமியம் டீசல் கார்: டெல்டாவில் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஒருவர் பெரிய டீசல் கார் வாங்கப் போகிறார் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கம்பெனி?" என்பதுதான். "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று கேட்பவர்கள் குறைவு. பத்து வருஷம் தொந்தரவில்லாமல் வைத்துக்கொள்ள நினைக்கிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவது கேள்விக்கு. விலை உயர்ந்த டீசல் வண்டியை வாங்கி அவதிப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலரிடம் இருப்பது நல்ல வண்டிதான். அவர்களுடைய ஓட்டத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி வந்துவிட்டது. அந்தக் காலத்து டீசல் வண்டி கரும்புகையாக வெளியே தள்ளியதை இது உள்ளேயே பிடித்து வைக்கும். பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்கும். அந்த வேலை முடிய வண்டி கால் மணி, இருபது நிமிஷம் நிற்காமல் ஓரளவு வேகத்தில் ஓடியாக வேண்டும். கும்பகோணத்தில் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு, அங்கிருந்து மறுபடி வீட்டுக்கு என்று மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டமாகவே இருந்தால் அந்தச் சூடு வரவே வராது. எரிக்க ஆரம்பிக்கும், அதற்குள் நீங்கள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். மறுநாளும் அதே கதை.

இதில் கரி அடைப்பைவிட மோசமான ஒன்று நடக்கிறது. வடிகட்டியைச் சூடேற்றப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கின்றன. வேலை பாதியில் நின்றால் எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாசனை அடித்தால், நீர்த்துப்போன ஆயிலில்தான் டர்போவும் பேரிங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சில புது மாடல்களில் குச்சியே கிடையாது. திரையில்தான் அளவு காட்டும். அவற்றில் இன்னும் கவனம் வேண்டும்.

ஆகவே ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் பெட்ரோலோ ஹைபிரிடோ பார்க்கட்டும். வாரம் ஒரு முறையாவது திருச்சியோ சென்னையோ போய் வருகிறவருக்கு டீசல் சரி. விக்கிரவாண்டி நாலுவழிச் சாலையில் ஒரு சீரான ஓட்டம் கொடுத்தால் டிபிஎஃப் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது யூரியா. இதை இந்த மண்ணில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பிரீமியம் டீசல்களில், புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் குறைக்கத் தெளிக்கும் ஆட்புளூ அல்லது டெஃப் என்ற திரவத்துக்குத் தனி டேங்க் உண்டு. அதில் இருப்பது 32.5 சதவீதம் யூரியாவும் மிச்சம் சுத்திகரித்த தண்ணீரும்தான். இதைக் கேட்டதும், "நம்ம வீட்டிலேயே மூட்டை மூட்டையா இருக்கே" என்று தோன்றும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வயலுக்குப் போடுகிற யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்தப் பூச்சும், உரத்தில் இருக்கும் மற்ற கலப்புகளும், போர் தண்ணீரில் உள்ள உப்பும் சேர்ந்து தெளிப்பானை அடைத்து, புகைக்குழாயில் அந்த வாயுவை மாற்றும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். வெளியே வாங்கினால் கேனில் ஐஎஸ்ஓ 22241 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தீரும்வரை விடவும் கூடாது. பல வண்டிகள் எச்சரித்துவிட்டு, டேங்க் காலியானதும் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

டிராக்டருக்கும் பம்பு செட்டுக்கும் பேரலில் வைத்திருக்கும் டீசலை அவசரத்துக்குக் காரில் ஊற்றுவதும் அதே வகைத் தவறு. இன்றைய காமன்ரெயில் இன்ஜினில் எரிபொருள் 2000 பார் அழுத்தத்தில் போகிறது, பம்புக்கு உயவு தருவதும் அந்த டீசலேதான். பேரலின் அடியில் தங்கிய தண்ணீரும் துருவும் உள்ளே போனால் பம்பு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாமே கழன்று வெளியே வர வேண்டியிருக்கும்.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் போட வேண்டும். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. உரிமையாளர் கையேட்டில் ஆயில் தரம் எம்பி 229.52 (மெர்சிடிஸ்) என்றோ பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்றோ எழுதியிருந்தால் டப்பாவிலும் அதுவே இருக்கட்டும். கம்ப்யூட்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் வருஷம் ஒரு முறை அல்லது 10,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்வதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பல கார்களில் இருக்கும் 8 கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சின்னத்தைப் பார்த்துத்தான். எந்த வருஷம், எந்த இன்ஜின் என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூவின் பழைய என்47 டீசலில் டைமிங் செயின் தேய்மானம் உலகறிந்த குறை. அந்தச் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால் செயினின் விலையைவிடப் பிரிக்கிற கூலி அதிகம். அதற்குப் பிறகு வந்த பி47 எவ்வளவோ மேல். மெர்சிடிஸின் ஓஎம்651 டீசல் இன்ஜினில் ஆரம்ப கால வண்டிகளுக்கு இன்ஜெக்டர் தொல்லை இருந்தது. ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மூன்றும் 2020-ல் இந்தியாவில் டீசலை நிறுத்திவிட்டன, ஆகவே அவற்றில் கிடைப்பதெல்லாம் வயதான வண்டிதான். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி மாதிரி பெரிய நகரத்திலிருந்து தள்ளி இருப்பவர் என்னைக் கேட்டால், சொகுசு கொஞ்சம் குறைந்தாலும் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் பக்கம் போகத்தான் சொல்வேன். அருகில் இருக்கும் மெக்கானிக்குக்கே கை பழகிய வண்டிகள் அவை.

விலை மலிவாக வந்தால் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். டெல்லியில் 10 வயதான டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து அங்கிருந்து தெற்கே வருபவை ஏராளம். என்ஓசி வாங்கி, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்யும் செலவைக் கூட்டினால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும். 2015, 2023 டிசம்பர் மழையில் சென்னையில் மூழ்கிய வண்டிகளும் கைமாறி வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்நுனியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். இந்த வகைக் கார்களில் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கும். ஒரு முறை நனைந்தவை வருஷக்கணக்கில் வேலை காட்டும். அப்புறம், இன்ஜின் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் போய் நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவரை அழைத்துப்போய் டிபிஎஃப் அடைப்பு அளவையும், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்கிற அளவையும் படித்துக்கொள்ளுங்கள். "டிபிஎஃப்பை எடுத்துட்டோம் சார், இனி பிரச்சினையே இல்ல" என்று புரோக்கர் சொன்னால், அது சட்டவிரோதம். அந்த வண்டி வேண்டாம்.

வாங்கிய பிறகு இங்கே இன்னொரு எதிரி, எலி. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்தவை வைக்கோல் போருக்கும், போருக்குப் பக்கத்தில் நிற்கும் காருக்கும் வந்துவிடும். சின்னக் காரில் கடிபட்ட வயரை ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம். பிரீமியம் வண்டியில் முழு ஒயரிங்கையே மாற்றச் சொல்வார்கள். போரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், ஓடாத நாளிலும் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பிச் சாலைமேல் தண்ணீர் ஓடும்போது, உயரமான வண்டிதானே என்று இறக்காதீர்கள். காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு இணைப்பு எடுத்திருக்க வேண்டும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல், லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தது தெரிந்தால், இணைப்பு இருந்தும் கிளெய்ம் சிக்கலாகிவிடும்.