மோரல் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

மலேசியப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்கள் நடத்தும் மோரல் (நன்னெறிக் கல்வி) பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பாடத்தை முடிக்காமல் விடுவது, சத்தம் போடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிப் போவதில்லை.

மனப்பாடம்

என் காலத்து எஸ்.பி.எம்.மில், அதாவது இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வில், 36 நெறிகள். ஒவ்வொன்றின் விளக்கத்தையும் மலாயில் சொல் பிசகாமல் எழுத வேண்டும். 'நேர்மை'யின் விளக்கத்தையே பிட் வைத்து எழுதியவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

ஒரு பிள்ளையை இனத்தின் தூதராக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு பயிற்சி ஆசிரியை வகுப்பின் ஒரே சீக்கிய மாணவனிடம், "நீங்க ஏன் தலைப்பாகை கட்டுறீங்க? எல்லாருக்கும் சொல்லு" என்றார். அவன் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தான்.

அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. ஜொகூரில் என் முதல் வருஷம், படிவம் 2 வகுப்பு. சரவாக் பூர்வகுடிகளின் அறுவடைத் திருநாளான ஜூன் 1 கவாய் தினம் நெருங்கியது. அந்தப் பூர்வகுடிகளில் ஓர் இனம் இபான். வகுப்பிலிருந்த ஒரே இபான் மாணவனை எழுப்பி, "நீண்ட வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்; இபான் குடும்பங்கள் பல ஒரே கூரையின் கீழ் வாழும் வீடு அது. அவன் அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அவன் பிறந்து வளர்ந்தது பாசிர் கூடாங் அடுக்குமாடியில். "தெரியாது, சார்." "உன் கலாசாரமே உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் என் பாடத்தில் வாய் திறக்கவில்லை.

இப்போது ஆளைப் பார்த்துக் கேட்பதில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைப் போடுவேன்: "ஒருவர் வீட்டில் சாப்பிடச் சொல்கிறார்கள், உனக்கு வேண்டாம். என்ன செய்வாய்?" ஒருமுறை ஓர் இபான் மாணவி தானாகக் கை தூக்கினாள். "பாட்டி வீட்டில் சும்மா எழுந்து போகக் கூடாது, சார். சாப்பாட்டை விரலால் தொட்டுட்டாவது போகணும். இல்லன்னா வழியில் ஆபத்து வரும்பாங்க." உடனே ஒரு தமிழ்ப் பெண்: "புரட்டாசியில் கோழி கொடுத்தா?" என்னிடம் பதில் இல்லை. தட்டைத் தொட்டால் போதாதா என்றான் ஒரு சீனப் பையன். அதன் மேல் அரை மணி நேரம் வாதம்.

பண்டிகை உடை, பலகாரம்

வருஷத்துக்கு ஒரு நாள் போதும்.

வகுப்பில் இல்லாதவர்கள்

மோரல் நேரத்தில் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போய்விடுகிறார்கள். நாட்டின் பெரும்பான்மையினர் இல்லாத அறையில்தான் நாம் ஒற்றுமை நடத்துகிறோம். உங்கள் வாயிலிருந்து "அவங்க" எத்தனை முறை வருகிறதென்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது பதினொன்றில் நிறுத்திக்கொண்டேன்.