கல்லூரியில் முதல் வேதியியல் பாடமும் அதன் ஆய்வுக்கூடமும்: தோட்டப் பட்டண மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் என் வீட்டு முன்கூடத்தில் வேதியியல் படிக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், சுற்று வட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கோ, ஆறாம் படிவத்துக்கோ, அசாசி எனப்படும் அடித்தளப் படிப்புக்கோ போன முதல் மாதத்திலேயே அவர்கள் ஒரே குறையுடன் திரும்பி வருகிறார்கள்: விரிவுரை ஓரளவு புரிகிறது, ஆனால் ஆய்வுக்கூட அறிக்கை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. விரிவுரையைப் பாடமாகவும் ஆய்வுக்கூடத்தை அதன் வாலாகவும் நினைப்பதிலிருந்தே இந்தக் குறை பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வாரத்தை ஆய்வுக்கூட நாளைச் சுற்றியே அமைத்துக்கொள்ளுங்கள்; விரிவுரையும் பயிற்சிக் கணக்கும் அதன் இரு பக்கத்திலும் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது வேதியியலில் அன்று, சொற்களில். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் அறிவியல் கற்று, இடைநிலைப் பள்ளியில் மலாய் வழியாகத் தொடர்ந்து, கல்லூரியில் ஆங்கில விரிவுரைக்கு முன் உட்காரும் மாணவருக்கு ஒரே கருத்து மூன்று உருவில் வந்து நிற்கிறது. ஒரு சிறிய குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்து, கரைசல், வீழ்படிவு, செறிவு, நிறை, நடுநிலையாக்கல் என்ற தமிழ்ச் சொல்லை முதலிலும், லாருத்தான், மெண்டாக்கான், கெபெக்காத்தான் என நீங்கள் ஏற்கெனவே அறிந்த மலாய்ச் சொல்லை அடுத்தும், கல்லூரிச் சொல்லை மூன்றாவதாகவும் எழுதி வாருங்கள். அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும் வேதியியலில் வேறு பொருளும் தரும் சொற்களுக்கு அடியில் கோடிடுங்கள். உப்பு என்றாலும் கராம் என்றாலும் வீட்டில் சமையல் உப்பைத்தான் குறிக்கும். வேதியியலில் அமிலமும் காரமும் வினைபுரிந்து தரும் ஒரு பெருங்குடும்பத்துக்கே அது பெயர். இவ்வேறுபாட்டை முதல் வாரத்தில் தெளிந்தவர்கள் பிறகு தடுமாறியதை நான் கண்டதில்லை.

அடுத்ததாக, நீங்கள் வெறுங்கையுடன் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ரப்பர் மரம் சீவிய பின் மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பால் ஏன் சில மணி நேரத்தில் தானாகவே கட்டிப்போகிறது, ஸ்டோரில் ஏன் அம்மோனியா ஊற்றிப் பாலைக் காக்கிறார்கள், பிறகு ஏன் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடை உண்டு. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைப் புரதமும், பாஸ்போலிப்பிடு என்ற ஒருவகைக் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வைக்கு எதிர் (நெகட்டிவ்) மின்சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் உண்டாக்கினாலும், நாமே ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினாலும், ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைத் தணித்துவிட, துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. அம்மோனியாவோ காரத்தன்மையை உயர்த்துவதோடு நுண்ணுயிர்களையும் அடக்கி வைக்கிறது. அமிலம், காரம், அயனி, கூழ்மம் (நுண்துகள்கள் திரவத்தில் மிதக்கும் கலவை) ஆகிய நான்கு பாடங்கள் உங்கள் பாட்டி தூக்கிச் சுமந்த வாளிக்குள் இருந்தன. ஃபார்மிக் என்ற பெயரே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்தால் எரிவதும் அதே அமிலத்தால்தான்.

ஆய்வுக்கு முந்திய இரவு

செயற்குறிப்பை ஒரு முறை படித்தால் போதாது. அதை மூடி வைத்துவிட்டு, படிகளை உங்கள் சொற்களில் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு படியின் பக்கத்திலும், அதை விட்டுவிட்டால் விடை கூடுமா குறையுமா என்று ஒரு வரி சேருங்கள். அட்டவணைகளையும் வெறுமையாக வரைந்து, ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அலகை எழுதிவிடுங்கள். பயன்படுத்தப் போகும் பொருள்களின் ஆபத்தையும் அன்றிரவே அறிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வேலையிடங்களுக்கு விற்கப்படும் அபாயகரமான வேதிப்பொருள்களுக்குச் சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துக்குள் குறியிட்ட சிட்டையும் பாதுகாப்புத் தரவுத்தாளும் இருக்க வேண்டும். அந்தத் தாளில் முதலுதவிப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

பாதுகாப்பில் நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் என்னால் கடந்து போக முடியாது. களைக்கொல்லியையும் ஆசிட்டையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுப் பின்கட்டில் வைப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் பழக்கமோ இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதப்படாத எந்தப் பாத்திரத்திலும் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் முகவையில் (பீக்கரில்) வெறும் நீர் இருந்தாலும் நீர் என்று எழுதி ஒட்டுங்கள். அமிலத்தை நீரில் மெல்ல ஊற்ற வேண்டுமே தவிர, நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கலக்கும்போது வெளிப்படும் வெப்பம் மேலே விழும் சிறிதளவு நீரைக் கொதிக்க வைத்து அமிலத்தைத் தெறிக்கச் செய்யும். பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய காலணி, கட்டிய தலைமுடி ஆகியவை எல்லா நாளும் வேண்டும். சப்பாத்துக்குப் பதில் சிலிப்பரோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. வேதிப்பொருள் கண்ணுக்குள் தெறித்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காமல், உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் இமைகளை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். பக்கத்தில் இருப்பவர் பொறுப்பாசிரியரை அழைக்கட்டும்.

தரம்பார்த்தல்: கை பழக வேண்டிய ஆய்வு

முதலாண்டு ஆய்வுகளில் மாணவரின் கையையும் கண்ணையும் ஒருங்கே சோதிப்பது தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்): செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இன்னொரு கரைசலின் செறிவைக் காண்பது. ஆகவே அதில் சற்று நின்று பேசுகிறேன்.

கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டையும், குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும்; உள்ளே தங்கிய நீர்த்துளி செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால்தான் கழுவ வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது மூன்றையும் ஒரே முறையில் கழுவினால் சுத்தமாக இருக்கும் என்று எண்ணி, குடுவையையும் அமிலத்தால் கழுவினேன். சுவரில் ஒட்டிய அமிலமும் கணக்கில் சேர்ந்ததால், எனக்கு மற்றவர்களைவிட அதிகக் காரம் செலவானது. பயந்துபோய், பக்கத்து மேசையின் அளவுக்கு நெருக்கமாக என் எண்களை மாற்றி எழுதினேன். மதிப்பெண் குறைந்தது அந்தப் பொய்யான எண்ணுக்காகவே. தவறான அளவை அப்படியே எழுதி, ஏன் கூடியது என்று விளக்கியிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். எண் எப்படி வந்ததோ அப்படியே, பேனாவில், அந்த நொடியிலேயே எழுதுங்கள். பிழையானால் ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். அழிப்பானும் வெள்ளை மையும் ஆய்வுக்கூடத்துக்கு ஆகாதவை.

பியூரெட்டின் திரவப் பரப்பு வளைந்து நிற்கும். அவ்வளைவின் அடிப்புள்ளிக்கு நேராகக் கண்ணை வைத்து, 0.05 மில்லிலிட்டர் வரை மதிப்பிட்டு, இரண்டு தசம இடங்களுடன் எழுத வேண்டும். 23.5 என்று எழுதுவதும் 23.50 என்று எழுதுவதும் ஒன்றல்ல. பின்னது நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நிரப்பியதும் மேலே வைத்த புனலை எடுத்துவிடுங்கள். அதில் தொங்கும் துளி நடுவில் விழுந்தால் அளவு கெடும். குழாயின் நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டும் நிறங்காட்டியைப் புரிந்துகொள்ள ஆரத்தித் தட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அங்கே மஞ்சள்தான் நிறங்காட்டி, சுண்ணாம்பு காரம். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதும் அதே வகை வேலை. ஆய்வுக்கூடத்தில் பினாப்தலீன் ஏறத்தாழ பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 8.2 முதல் 10 வரையிலும், மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரையிலும் நிறம் மாறும். ஃபார்மிக் போன்ற வலுக்குறைந்த அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கும்போது சமநிலைப் புள்ளி, அதாவது அமிலம் முழுதும் வினைபுரிந்து முடியும் இடம், 7-க்கு மேலே அமைவதால் பினாப்தலீனே பொருந்தும். மிக வெளிறிய இளஞ்சிவப்பு குடுவையைச் சுழற்றிய பின்னும் 30 நொடி நின்றால் அதுவே முடிவுப்புள்ளி. பிறகு அது மெல்ல மறைந்தால் கலங்க வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து காரத்தைத் தின்கிறது. அடர்ந்த சிவப்பு வந்துவிட்டால் மட்டும் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். முதல் முறை விரைவாக ஓட்டி முடிவுப்புள்ளியின் இடத்தை அறிந்து, அடுத்த முறைகளில் கடைசி 1 மில்லிலிட்டரைத் துளித்துளியாக விடுங்கள். 0.10 மில்லிலிட்டருக்குள் ஒத்துவரும் அளவுகளை மட்டும் சராசரி எடுங்கள்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நம் ஈரக்காற்றில் விரைவாக நீரை உறிஞ்சி நனைந்துவிடும். 4.00 கிராம் நிறுத்து 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 0.100 மோல் கிடைக்கும் என்பது தாளில் சரி. ஆனால் தராசில் நின்றதில் ஒரு பங்கு நீர். அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் போன்ற, ஈரம் இழுக்காத தூய பொருளால் காரத்தின் உண்மைச் செறிவை முதலில் கண்டறியச் சொல்கிறார்கள். அதன் 1 மோல் 204.22 கிராம், 0.51 கிராம் அளவு எடுத்தால் லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள காரம் 25 மில்லிலிட்டர் செலவாகும். இந்தப் படியை வீண் வேலை என்று எண்ணி அவசரமாக முடித்தால், அதன் பிழை பின்னால் வரும் எல்லா விடைகளிலும் தொற்றும்.

கணக்கும் அறிக்கையும்

மோல் என்பது எண்ணிக்கை. ஒரு டசன் என்றால் 12 போல, ஒரு மோல் என்றால் 6.02214076 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு. 2019 முதல் இந்த எண்ணே அதன் வரையறை. இதைப் பிடித்துக்கொண்டால் தரம்பார்த்தல் கணக்குகள் எல்லாம் ஒரே நடையில் போகும்: அளவிலிருந்து மோல், சமன்பாட்டிலிருந்து விகிதம், மோலிலிருந்து விடை. நீர்த்த ஃபார்மிக் அமிலம் 25.00 மில்லிலிட்டருக்கு, லிட்டருக்கு 0.100 மோல் செறிவுள்ள காரம் 23.50 மில்லிலிட்டர் செலவானதாகக் கொள்வோம். செலவான காரம் 0.00235 மோல். விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அமிலமும் அவ்வளவே. அதை 0.02500 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 0.0940 மோல், ஃபார்மிக் அமிலத்தின் மோல் நிறையான (ஒரு மோலின் நிறை கிராமில்) 46.03-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 4.33 கிராம். கணிப்பான் காட்டும் எட்டு இலக்கங்களையும் எழுதாதீர்கள். காரத்தின் செறிவான 0.100-இல் மூன்று இலக்கம்தான் நம்பத்தக்கது என்பதால் விடையிலும் மூன்றே போதும்.

இதே முறையைத்தான் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடமும் எண்ணெயில் தனித்துக் கிடக்கும் கொழுப்பமிலத்தை அளக்கப் பயன்படுத்துகிறது. உங்கள் ஊர் ஆலையில் உறவினர் வேலை பார்த்தால், அந்தக் கணக்கில் 256 என்ற எண் ஏன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அது பால்மிட்டிக் அமிலத்தின் மோல் நிறை.

அறிக்கையைச் சட்டை மாற்றுவதற்கு முன்பே, அன்று மாலையே தொடங்குங்கள். நிறமும் நுரையும் மணமும் நினைவில் இருக்கும் பொழுது எழுதிய அரைப்பக்கம், வார இறுதியில் யோசித்து எழுதும் இரண்டு பக்கத்துக்குச் சமம். பிழை ஆராய்ச்சியில் மனிதத் தவறு என்று எழுதி முடிப்பதை எந்த விரிவுரையாளரும் ஏற்கமாட்டார். எண்ணால் பேசுங்கள்: பியூரெட்டைத் தொடக்கத்திலும் முடிவிலுமாக இருமுறை பார்க்கிறோம், ஒவ்வொன்றிலும் 0.05 மில்லிலிட்டர் ஐயம் என்றால் மொத்தம் 0.10; 23.50-இல் அது 0.4 விழுக்காடு. செலவான அளவு வெறும் 5.00 ஆக இருந்திருந்தால் அதே ஐயம் 2 விழுக்காடாகிவிடும். ஆகையால்தான் செலவு 20-க்கும் 25-க்கும் இடையில் வருமாறு கரைசல்களின் செறிவைத் திட்டமிடுகிறார்கள். இப்படி ஒரு பத்தி எழுதிய மாணவரின் அறிக்கை, அவர் விடை சற்று விலகியிருந்தாலும், தனியாகத் தெரியும்.

புரியாத இடத்தில் விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டத் தயங்காதீர்கள். நம் பிள்ளைகள் மரியாதையின் பேரில் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். கேட்பதை எந்த ஆசிரியரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. முழுதும் புரியவில்லை என்று சொல்லாமல், இந்த வரிவரை வந்தேன், அடுத்த வரி எப்படி வந்தது என்று தாளோடு போய்க் கேளுங்கள். தேர்வுக்கு முன் மூன்று வாரத்துக்கு, திருத்தி வந்த பழைய அறிக்கைகளின் கணக்குகளை விடையை மறைத்து வைத்து மீண்டும் போடுங்கள். சிவப்பு மையால் வட்டமிட்ட இடங்களிலிருந்தே தொடங்குங்கள்.